ஸ்டென்ட் வைத்தபின் தரும் மாத்திரைகள்: எதை மாற்றலாம், எதை நிறுத்தவே கூடாது

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. நீரிழிவு உள்ள உங்கள் தந்தைக்கு 61 வயது. மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, அடைபட்ட இதயக் குழாயைத் திறந்துவைக்க ஒரு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஆஸ்பிரின், டிக்காக்ரிலோர், அட்டோர்வாஸ்டாட்டின், ராமிப்ரில், மெட்டோப்ரோலால், பான்டோப்ரசோல் ஆகியவற்றோடு, நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளச் சார்பிட்ரேட்டும் எழுதித் தரப்பட்டிருக்கிறது. மெட்பார்மின், கிளிமெபிரைடு என்னும் சர்க்கரை மாத்திரைகள் தனி. இப்போது அவருக்குத் தொடைகளில் வலி, விடாத வறட்டு இருமல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட மூச்சு போதாதது போன்ற உணர்வு. "இத்தனை மாத்திரை போட்டால் உடம்பு சூடாகாமல் என்ன செய்யும், பாதியை நிறுத்து" என்று உறவினர் ஒருவர் சொல்ல, அவரும் அதற்குத் தயாராகிவிட்டார். பெற்றோர் இருவரும் கிராமத்தில் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். கடைசியில், போகிறபோக்கில், அம்மாவுக்கும் சில வாரங்களாக மாடிப்படி ஏறினால் நெஞ்சு எரிகிறது, கேஸ் மாத்திரை போட்டு உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். தந்தை ஏற்கெனவே மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கிறார், தாய் இல்லை. இரைப்பை அமிலத்தால் வரும் எரிச்சல் பெரும்பாலும் சாப்பிட்ட பிறகும், குனியும்போதும், படுக்கும்போதும் வரும். படி ஏறும்போது மட்டும் தொடங்கி, நின்றாலோ உட்கார்ந்தாலோ சில நிமிடங்களில் அடங்குகிற எரிச்சலை, வேறு காரணம் உறுதியாகும் வரை, இதயத்துக்குப் போகும் இரத்தம் போதாமல் வரும் வலியாகவே கருத வேண்டும். கேஸ் மாத்திரை கேட்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் போய்விட்டது என்றால் அதைப் போக்கியது அவர் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட ஓய்வு. எனவே இந்த வாரமே அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓய்வாகப் படுக்கவைத்து எடுக்கும் இசிஜி முற்றிலும் இயல்பாக இருந்தாலும், அதோடு திரும்பிவிடாமல், எக்கோ (இதய ஸ்கேன்), நடக்கவைத்து இசிஜி பார்க்கும் டிரெட்மில் பரிசோதனை அல்லது இதயக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் ஆகியவற்றில் எது தேவை என்று கேளுங்கள். அதற்கிடையே, முன்பு இரண்டாம் மாடியில் வந்த எரிச்சல் இப்போது பத்துப் படியிலேயே வருகிறது, அல்லது உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது, அல்லது கால் மணி நேரம் ஆகியும் அடங்கவில்லை என்றால், முன்பதிவு செய்த நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உழைக்கும்போது மட்டும் வரும் நெஞ்சுவலி, மாரடைப்பு ஆகிய இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மருந்துகளின் வேலையும் எளிதில் விளங்கும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சி அணுக்களும் சேர்ந்து படிவம் உருவாகிறது. அது குழாயின் பெரும்பகுதியை அடைக்கும்போது, ஓய்வில் போதுமான இரத்தம் உழைப்பின்போது போதாமல் போய், நடந்தால் வலி, நின்றால் நிவாரணம் என்ற ஒழுங்கு தோன்றுகிறது. மாரடைப்பு நிகழும் விதம் வேறு. படிவத்தின் மேல்மூடி திடீரெனக் கிழிந்து, அந்த இடத்தில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டி, இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் முழுவதும் அடைபட்டுவிடுகிறது. இப்படிக் கிழிகிற படிவம் அதற்கு முன் குழாயைப் பாதிகூட அடைக்காததாக இருந்திருக்கலாம். "போன வருஷம் எடுத்த டிரெட்மில் நார்மல்தானே" என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கும் மாரடைப்பு வருவது இதனால்தான்.

மாரடைப்பு வந்தவர் தம் வலியை எப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுபவர் குறைவு. உள்ளங்கையையோ மூடிய கையையோ நெஞ்சின் நடுவில் வைத்து, "அமுக்குது", "இறுக்கிப் பிடிக்குது", "பாரம் ஏத்தி வச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். பலர் அதை வலி என்றே சொல்வதில்லை. அந்த அழுத்தம் இடத்தோள், ஒரு கை அல்லது இரு கைகள், தொண்டை, கீழ்த்தாடை, முதுகு, மேல்வயிறு ஆகிய இடங்களுக்குப் பரவலாம். கூடவே சட்டை நனையும் குளிர்ந்த வியர்வை, குமட்டல், வாந்தி, கண் இருளல், காரணம் புரியாத பயம் வரலாம். பல் மருத்துவரிடம் தாடை வலி என்று போனவர்களும் உண்டு. வாந்திக்கு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்களும் உண்டு. மாறாக, ஊசி குத்துவதுபோல் ஓரிரு நொடிகளே வந்து மறைவது, அழுத்தினால் அதிகமாவது, உடலைத் திருப்பினால் மாறுவது ஆகியவை இதயத்தோடு தொடர்பற்றவையாக இருக்கும் வாய்ப்பே அதிகம். ஆனாலும் வயது, நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவை உள்ள ஒருவருக்கு இந்தக் கணக்கை மட்டும் நம்பி வீட்டில் இருத்திவிடக் கூடாது.

பெண்களுக்கும், முதியவர்களுக்கும், நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். நீரிழிவு நரம்புகளைப் பாதிப்பதால் வலி மழுங்கிவிடுகிறது. மூச்சிரைப்பு, திடீர் அசதி, வியர்வை, மயக்கம் என்பவை மட்டுமே வெளியே தெரியும். உங்கள் தந்தைக்கு மீண்டும் ஏதாவது வந்தால் அது முதல்முறை வந்ததுபோலத்தான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். காரணமில்லாமல் வியர்த்துச் சோர்ந்தால் முதலில் சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். அது சரியாக இருந்தால் இசிஜி எடுங்கள்.

நம் ஊர்களில் நேரம் கரைவது ஏறத்தாழ எப்போதும் ஒரே விதத்தில்தான்: முதலில் சோடா, பிறகு ஓமத் தண்ணீர், பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை, பிறகு "விடிந்ததும் போய்க்கொள்ளலாம்". அடைபட்ட குழாய்க்குக் கீழே உள்ள தசை ஒவ்வொரு கால் மணி நேரத்திலும் மேலும் மேலும் செத்துக்கொண்டிருக்கும். செத்த தசை மீண்டும் வளர்வதில்லை. உறைகட்டியைக் கரைக்கும் ஊசி 12 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும், அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் தந்தால்தான் முழுப் பயன். எனவே 108-ஐ அழையுங்கள். வலியோடு இருப்பவர் இருசக்கர வாகனம் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாதவர் 300 மி.கி. ஆஸ்பிரினை, அதாவது 75 மி.கி. மாத்திரை என்றால் நான்கை, மென்று விழுங்கலாம். 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரில் ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே, முதல் ஐந்து வாரங்களில் இதய, இரத்தக்குழாய் நோயால் ஏற்பட்ட இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. சில காசுக்குக் கிடைக்கும் மாத்திரைக்கு இது பெரிய சாதனை. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கப்பட்ட "இதயம் காப்போம்" திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரைகளை ஒரே வேளையாகத் தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் உங்கள் பெற்றோருக்கு மிக அருகில் உள்ள நிலையம் எது என்பதை அமைதியான ஒரு நாளில் போய்ப் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. மருத்துவமனை சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்கப்பட வேண்டும். முதல் இசிஜி இயல்பாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மீண்டும் எடுப்பார்கள். இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்வார்கள். "ஒரு தடவை பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

ஆபத்துக் காரணிகளைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, ஏனெனில் அவை பெரும்பாலும் நீங்கள் அறிந்தவையே. 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு, ஒன்பது காரணிகளே மாரடைப்பு அபாயத்தின் 90 விழுக்காட்டை விளக்கிவிடுகின்றன என்று காட்டியது: கெட்ட, நல்ல கொழுப்புகளின் விகிதம், புகை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்புக் குறைவு, மதுப் பழக்கம் தொடர்பான காரணி. அதே ஆய்வின் தரவுகளில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, 53 வயதை ஒட்டி வந்திருந்தது. இதற்குத் தனி மர்மம் ஏதும் தேவைப்படவில்லை. அதே காரணிகள் நம்மிடம் இளவயதிலேயே சேர்ந்துவிடுகின்றன என்பதே பெரும்பகுதி விளக்கம். நம்மவரின் உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை, எடை சரியாக இருக்கிறது என்பதால் தொப்பையை மன்னித்துவிட முடியாது. உங்களையும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் அபாயம் கூடுதல். அம்மாவின் பரிசோதனையில் அடைப்பு உறுதியானால் நீங்களும் இந்தக் கணக்கில் வரலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றோடு, பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்னும் ஒருவகைக் கொழுப்பையும் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் இன்னொன்றைக் கேட்க மறந்துவிடுகிறோம்: கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ வந்திருந்தால், அது பல ஆண்டுகள் கழித்தும் இதய நோய் அபாயத்தை உயர்த்தி வைத்திருக்கும்.

இனி, தந்தையின் மாத்திரைகள். அட்டையின் மேலே பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்து, நான் இங்கே சொல்வதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரே மருந்தை இரண்டு நிறுவனப் பெயர்களில் இரட்டிப்பாகச் சாப்பிடுபவர்கள் உண்டு.

ஆஸ்பிரினும் டிக்காக்ரிலோரும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பவை. ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதன் மேல் குழாயின் உட்தோல் படர்ந்து மூடும் வரை, இரத்தத்துக்கு அது அந்நியப் பொருள்தான். அந்தக் காலத்தில் இவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட் உள்ளேயே இரத்தம் உறைந்து, முதல் மாரடைப்பைவிடக் கொடிய இரண்டாவது மாரடைப்பு வரக்கூடும். மூன்றாம் மாதத்தில் இருக்கும் உங்கள் தந்தை, உறவினரின் பேச்சைக் கேட்டு இந்த இரண்டில் ஒன்றைக்கூட நிறுத்தக் கூடாது. மாரடைப்புக்குப் பின் இரண்டையும் வழக்கமாக 12 மாதங்கள் தருகிறார்கள்; இரத்தக் கசிவு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு அதைக் குறைப்பதும் உண்டு, ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் ஸ்டென்ட் வைத்த மருத்துவர். டிக்காக்ரிலோர் நாளுக்கு இருவேளை மருந்து. அதன் வேலை சில மணி நேரத்தில் குறையத் தொடங்குவதால், இரவு மாத்திரையை அடிக்கடி மறப்பவர் பாதிப் பாதுகாப்போடு இருக்கிறார் என்று பொருள். அதோடு தினமும் சேர்க்கும் ஆஸ்பிரின் 100 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் பயன் குறையும்.

மூச்சு போதாத உணர்வு டிக்காக்ரிலோரின் அறியப்பட்ட பக்கவிளைவு. இந்த மருந்தை, அதே வேலையைச் செய்யும் குளோபிடோக்ரெலோடு ஒப்பிட்ட பிளேட்டோ ஆய்வில், ஏழு பேரில் ஒருவர் என்ற அளவில் இது பதிவாயிற்று. பொதுவாக முதல் சில வாரங்களில் தொடங்கும், ஓய்விலும் வரும், நடப்பதை அவ்வளவாகத் தடுக்காது, நுரையீரலுக்கோ இதயத்துக்கோ கேடு விளைவிக்காது, பலருக்கு நாளடைவில் குறைந்துவிடும். ஆனால் மாரடைப்பு வந்த இதயம் பலவீனமாகியிருந்தாலும் மூச்சிரைக்கும். அந்த மூச்சிரைப்பை மாத்திரையின் பக்கவிளைவு என்று எண்ணி ஏமாறக் கூடாது. தலையணையை உயர்த்தாமல் படுக்க முடிகிறதா, இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா, கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறதா, மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் எக்கோ எடுக்க வேண்டும். அது இதயச் செயலிழப்பின் அறிகுறி. எதுவும் இல்லை, எக்கோவும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்றால், மருத்துவர் டிக்காக்ரிலோரை விடுத்துக் குளோபிடோக்ரெலுக்கு மாற்றுவார். அந்த மாற்றத்தின்போது முதல்வேளை அளவைக் கூட்டித் தர வேண்டியிருக்கும் என்பதால் மருந்துக்கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளும் விஷயம் இது இல்லை.

இரத்தக் கசிவு பற்றி: ஈறில் துளி இரத்தம், கையில் கன்றிய திட்டு ஆகியவை எதிர்பார்க்க வேண்டியவையே. தார்போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, திடீரென வரும் கடும் தலைவலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் நினைவில் வையுங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால், "இரத்தம் நிற்காது, ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொல்லப்படலாம். பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே பஞ்சை அழுத்தி இரத்தத்தை நிறுத்திவிட முடியும். ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். டெங்கு காலத்தில் காய்ச்சல் வந்தால் இந்த இரு மாத்திரைகளைப் பற்றி முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பான்டோப்ரசோலை "கேஸ் மாத்திரைதானே" என்று முதலில் கழித்துவிடுவது வழக்கம். இரண்டு தட்டணுத் தடுப்பு மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிடுபவரின் வயிற்றில் புண் ஏற்பட்டு இரத்தம் கசியாமல் காப்பதற்காகத் தரப்படுவது அது. அந்த இரண்டும் இருக்கும் வரை இதுவும் இருக்கட்டும். குளோபிடோக்ரெலுக்கு மாறினால், ஒமெப்ரசோலும் ஈசோமெப்ரசோலும் அதன் வேலையைக் குறைக்கும் என்பதால் பான்டோப்ரசோலே பொருத்தம். உங்கள் தந்தை மெட்பார்மினும் சாப்பிடுகிறார். இரண்டும் நெடுங்காலத்தில் பி12 வைட்டமினைக் குறைப்பவை. கால் மதமதப்பு இருந்தால் அதைச் சர்க்கரை நோயின் கணக்கில் மட்டும் எழுதிவிடாமல் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடைவலிக்கு வருவோம். அட்டோர்வாஸ்டாட்டின் கொழுப்பைக் குறைப்பதோடு, தமனியில் மிஞ்சியிருக்கும் படிவங்களின் மேல்மூடியை உறுதியாக்குகிறது. ஒரே ஓர் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்; மற்றக் குழாய்களுக்கு இந்த மாத்திரைதான் சிகிச்சை. கெட்ட கொழுப்பான எல்டிஎல் "நார்மல்" என்று ஆய்வக அறிக்கையில் அச்சாகியிருக்கும் எல்லை மாரடைப்பு வந்தவருக்குப் பொருந்தாது. அவருக்கு 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே இருக்க வேண்டும். தசைவலி இந்த மருந்தால் வருவது உண்மை, ஆனால் பேசப்படும் அளவுக்கு இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரி நடத்தி 2020-இல் வெளியிட்ட சாம்சன் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினை (அட்டோர்வாஸ்டாட்டின் இந்த வகை மருந்து) விட்டுவிட்ட 60 பேருக்கு, எது எது என்று சொல்லாமல், சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் வெற்று மாத்திரையும் தந்து, சில மாதம் எதுவும் தராமலும் இருந்து, அன்றாட உபாதைகளைக் குறிக்கச் சொன்னார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் குறிக்கப்பட்ட உபாதையில் 90 விழுக்காடு வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அவர்களின் வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. மாத்திரை கெடுதல் செய்யும் என்ற எதிர்பார்ப்பே வலியை உண்டாக்க முடியும் என்பதுதான். ஆகவே உறவினரின் அறிவுரை வெறும் பேச்சோடு முடிவதில்லை, அதற்கும் பக்கவிளைவு உண்டு.

உண்மையான தசைப் பாதிப்பு பெரும்பாலும் இரு தொடைகளிலும் அல்லது இரு தோள்களிலும் சமமாக வரும். சம்மணமிட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாத அளவுக்குத் தளர்ச்சி தரலாம். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிக அரிதாக நடப்பது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மற்றபடி சிகே என்னும் தசை நொதியின் அளவையும், தைராய்டையும், வைட்டமின் டி-யையும் பார்த்துவிட்டு, அளவைக் குறைப்பது, இன்னொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டினுக்கு மாறுவது, குறைந்த அளவோடு வேறு வகைக் கொழுப்பு மருந்தான எசெடிமைப் சேர்ப்பது எனப் பல வழிகள் உண்டு. தைராய்டு குறைவாகச் சுரந்தால் ஸ்டாட்டின் இல்லாமலே தசை வலிக்கும், இருந்தால் இன்னும் வலிக்கும். ஸ்டாட்டின் சர்க்கரையைச் சிறிது உயர்த்துவதும் உண்மையே. அதற்காக அதைக் கைவிடுவது இந்த நிலையில் நட்டக்கணக்கு.

வறட்டு இருமலுக்குக் காரணம், பெரும்பாலும், இரத்த அழுத்தத்தைக் குறைத்து இதயத்தைக் காக்கும் ராமிப்ரில். உடலில் பிராடிகைனின் என்னும் பொருள் உடைவதை இந்த வகை மருந்துகள் தடுப்பதால் தொண்டை கரகரத்துச் சளியில்லாத இருமல் வருகிறது. பத்தில் ஒருவருக்கு வரலாம். (இந்த மருந்துவகை பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது, முதல் மருந்தான கேப்டோபிரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.) ஏழு மருந்துகளில் மிக எளிதாக மாற்றக்கூடியது இதுதான். டெல்மிசார்டன், வல்சார்டன் போன்ற மருந்துகள் அதே பாதுகாப்பைத் தரும், இருமல் தராது. மாற்றிய பின் இருமல் அடங்க ஒன்று முதல் நான்கு வாரம் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் இது அவசரநிலை. அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது இந்த இருமலுக்கு ஊரில் நடக்கும் வைத்தியத்தைப் பற்றி. முதலில் இருமல் சிரப் வாங்குவார்கள். அதில் மூக்கடைப்புக்கான மருந்து கலந்திருந்தால் இரத்த அழுத்தம் ஏறும். அதில் நிற்காவிட்டால் கிளாரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் எழுதப்படலாம். அது கல்லீரலில் அட்டோர்வாஸ்டாட்டினும் டிக்காக்ரிலோரும் உடைவதைத் தடுத்து, இரண்டின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும். தசைப் பாதிப்பும் இரத்தக் கசிவும் அப்போதுதான் உண்மையாகவே வரும். பூஞ்சைக்குத் தரும் இட்ராகொனசோலும் அப்படியே. படர்தாமரைக்கு இப்போது அது தாராளமாகத் தரப்படுவதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

ராமிப்ரிலும் அதற்கு மாற்றான சார்டன்களும் இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தும். தொடங்கிய ஓரிரு வாரத்திலும், பிறகு அவ்வப்போதும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். இதயத்துக்கு நல்லது என்று விளம்பரப்படுத்தப்படும் குறைந்த சோடியம் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்த நீரிழிவு நோயாளி இந்த மாத்திரையோடு அதையும் சேர்த்து, தினமும் இளநீரும் குடித்தால், இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சாதாரண உப்பையே குறைத்துக்கொள்வதும், ஊறுகாய், அப்பளம், கருவாட்டை ஒதுக்குவதும் பாதுகாப்பான வழி.

மெட்டோப்ரோலால் துடிப்பைக் குறைத்து இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கிறது. அசதி, கைகால் சில்லிடல், எழுந்தால் தலைசுற்றல், ஆண்களுக்கு விறைப்புக் குறைவு ஆகியவை அதன் பக்கவிளைவுகள்; கடைசியானதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். ஆஸ்துமா இருந்தால் மோசமாகலாம். நாடி 50-க்குக் கீழே போய் மயக்கம் வந்தால் உடனே காட்ட வேண்டும். கிளிமெபிரைடு சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். இதைத் திடீரென நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறி நெஞ்சுவலி திரும்பலாம், ஆகவே படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதே சமயம், இது வாழ்நாள் முழுதும் தேவையா என்பது இப்போது நியாயமாகவே கேட்கப்படும் கேள்வி. 2024-இல் வெளியான ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வில், மாரடைப்புக்குப் பின்னும் இதயத்தின் பம்பு செய்யும் திறன் 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு இவ்வகை மருந்தால் கூடுதல் பயன் தெரியவில்லை. அதே ஆண்டு வெளியான பிரெஞ்சு ஆய்வில், நன்றாக இருந்தவர்களிடம் இதை நிறுத்தியபோது மருத்துவமனை அனுமதிகள் கூடின. எனவே தந்தையின் எக்கோ அறிக்கையில் இஎஃப் என்ற எண் (அந்தப் பம்பு செய்யும் திறன்) எவ்வளவு என்று பாருங்கள், அது நன்றாக இருந்தால், "இதை எவ்வளவு காலம் தொடர வேண்டும்?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அது 40-க்குக் கீழே என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சார்பிட்ரேட்டை நின்றுகொண்டு போடக் கூடாது. அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து, நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். தலைவலி வருவது மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108. விறைப்புக் குறைவுக்குத் தரும் சில்டெனாபில் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகையான டடாலாபில் போட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் இதைத் தந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழும். அவசரப் பிரிவில் இந்தக் கேள்வியைக் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் தந்தையின் டப்பாவிலிருந்து இதை எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

சீட்டில் எழுதப்படாத ஒரு மருந்தையும் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கும் இந்தத் தொடைவலிக்கும் அவர் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், அசெக்ளோபெனாக் கலந்த மாத்திரை எதையும் வாங்கிப் போடக் கூடாது. அவை மீண்டும் மாரடைப்பு வரும் அபாயத்தையும், வயிற்றில் இரத்தக் கசிவையும் கூட்டும். ராமிப்ரிலோடு சேர்ந்து சிறுநீரகத்தை வாட்டும். ஐபுபுரூபன் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கும். பாராசிட்டமால் போதும்.

அடுத்த மறுபரிசோதனையில் மூன்று தொந்தரவுகளையும் எப்போது தொடங்கின என்ற தேதியோடு சொல்லுங்கள், எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எக்கோ, சிகே, தைராய்டு, கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றை அதற்குள் பார்த்துவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் ஒரு பயணம் மிச்சமாகும். மாத்திரைகளை மாற்ற நேர்ந்தால், அவசரம் ஏதும் இல்லாதபோது, ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நானாக இருந்தால் ராமிப்ரிலில் தொடங்குவேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட் வைத்த தேதி இருக்கும். அதிலிருந்து ஓர் ஆண்டு முடியும் நாளை அதே தாளின் மேலே எழுதிவையுங்கள். டிக்காக்ரிலோரையும் அதோடு பான்டோப்ரசோலையும் நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நாள் அது. ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் அதற்குப் பிறகும் தொடரும்.